வெனிஸ் நகருக்கு நான் போட்ட நான்கு நாள் திட்டம்

நான் வெனிஸ் நகரத்தைப் பார்த்ததில்லை. போடிநாயக்கனூரை விட்டு நான் போன மிகத் தொலைவான ஊர் பம்பாய். அதுவும் ஒரு கப்பல் ஏஜெண்டின் அலுவலகம் வரைக்கும்தான். ஆனாலும் வெனிஸில் நான்கு நாட்கள் எப்படிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று மணிக்கு மணி திட்டம் போட்டு, ஏழு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான்.

சென்ற மாதம் நான் முன்பு வேலை பார்த்த ஏலக்காய் மண்டியில் இப்போது வேலை பார்க்கும் இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கென்றே இப்போது சென்னையில் கம்பெனிகள் வந்துவிட்டனவாம். பணம் கட்டினால் போதும், எந்தக் கோயிலை எந்த மணிக்குப் பார்ப்பது என்பது வரை அச்சடித்த தாள் வந்துவிடுகிறது. "அந்தக் காலத்துல நீங்க ஒருத்தரே இதெல்லாம் பண்ணுனீகளாமே" என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் பெருமையாகச் சொன்னேன். வியாபாரிகள் சங்க மலருக்கு அதை அப்படியே எழுதித் தரும்படி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்களிடம் நான் சொன்னதில் வேலாயுதன் பெயர் வரவில்லை. பேச்சில் ஒரு பெயரை விட்டுவிட்டுப் போய்விடலாம். எழுத உட்கார்ந்த பிறகு முடியவில்லை.

என் சொந்த ஊர் பண்ணைப்புரம். மதுரையில் பி.ஏ. படித்தேன். ஆறு மாதம் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் போடியில் ஓர் ஏலக்காய் ஏற்றுமதி மண்டியில் இங்கிலீஷ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கடிதம் நகல் எடுத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளி பெயர் குமாரசாமி. நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் கடிதம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். நான் எழுதி முடித்த கடிதத்தை அவருக்கு மூன்று முறை வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். முதல் முறை பொருளுக்காக. இரண்டாம் முறை எடைக்கும் தேதிக்கும். மூன்றாம் முறை வாசிக்குமுன் என்னை எழுப்பி அறைக்கு வெளியே அனுப்புவார்.

"நிலைக்கு அந்தப் பக்கம் போய் நின்னு வாசிங்க தம்பி. இப்ப நீங்க பம்பாய்க்காரன். இந்தக் கடுதாசி உங்களுக்குத் தபால்ல வந்திருக்கு."

நான் வெளியே நின்று, அப்போதுதான் உறையைப் பிரித்தவன்போல வாசிப்பேன். உள்ளே எழுதும்போது மரியாதையாக இருந்த வரி வெளியே நின்று வாசிக்கும்போது குத்தும். முதலாளி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். என் குரல் எங்கே தடுமாறியதோ அந்த வரியைத்தான் மாற்றச் சொல்வார். இங்கிலீஷ் தெரியாத மனிதர் என் தொண்டையை வைத்துத் திருத்தம் போட்டார்.

முப்பத்தேழாம் வருடம் முதலாளி லண்டன் போக முடிவு செய்தார். அங்கே எங்கள் சரக்கை வாங்குகிறவர்களை நேரில் பார்ப்பது நோக்கம். திரும்பும் கப்பல் வெனிஸிலிருந்து புறப்படுவது. கப்பலேறும் முன் அந்தப் பழைய நகரத்தில் நான்கு நாள் தங்கிச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை அவருடையது அல்ல, அம்மாவுடையது.

அம்மா என்று மண்டியில் எல்லோரும் சொன்னது முதலாளியின் மனைவி வள்ளியம்மாளை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது முழங்கால் வீங்கி, ஆறு வருடமாக எந்த மலைக்கோயிலுக்கும் ஏறவில்லை. குடும்பம் பழனிக்குப் போனாலும் அவர் அடிவாரத்தில் மற்றவர்களின் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "எனக்கு எல்லா ஊர்லயும் செருப்புதான் சாமி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்த முறை கணவரோடு தானும் வருவதாகச் சொன்னார். சமதரையில் அவர் நன்றாகவே நடப்பார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவ வர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஆனா அந்த ஊரு எப்படின்னு பாத்துச் சொல்லுங்க. படி ஏற வேண்டிய ஊருன்னா இங்கனயே இருக்கட்டும். அங்கன போயும் செருப்புக்குக் காவல் இருக்க வேணாம்."

அம்மா போவதும் போகாததும் நான் சொல்லப்போகும் பதிலில் இருந்தது.

மலையில் ஒரு தோட்டத்து மேனேஜர் துரையிடம் சிவப்பு அட்டை போட்ட வழிகாட்டி நூல் ஒன்று இருந்தது. கடன் கேட்டு வாங்கி வந்தேன். பின்னட்டையில் மடித்து வைத்த பெரிய வரைபடம். வெனிஸ் தண்ணீர் மேல் கட்டிய ஊர். அங்கே குன்று கிடையாது, வண்டி கிடையாது, தெருவுக்குத் தெரு வாய்க்காலும் படகும்தான் என்று படித்தபோது இதைவிட அம்மாவுக்குப் பொருத்தமான ஊர் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. முதலாளியிடம் அப்படியே சொன்னேன். "நம்ம கண்மாய் மாதிரி முதலாளி, அவ்வளவும் மட்டம்" என்றேன்.

பிறகு நான் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு இன்றும் திருப்தி உண்டு. பாஸ்போர்ட்டுக்கு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு நான்கு நடை. அம்மை குத்திய சான்றிதழ். கப்பல் அறைகளின் படம் பம்பாயிலிருந்து வரவழைத்து, இயந்திரச் சத்தம் எட்டாத அறையைப் பென்சிலால் குறித்து அனுப்பினேன். வெனிஸுக்கு வந்ததும் வரைபடத்தின் மேல் தையல் நூலை வைத்து அளந்தேன். தங்கும் விடுதியிலிருந்து பெரிய கிறிஸ்தவக் கோயில் வரை நூல் இவ்வளவு என்றால், அளவுகோலின்படி இத்தனை கெஜம். அதே தூரத்தைப் போடியில் மண்டி வாசலிலிருந்து கடைத்தெரு வழியாக அம்மா நடக்கும் வேகத்தில் நடந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் குறித்துக்கொண்டேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எனக்குக் காலில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். நான்கு நாள் வெனிஸ் முழுவதையும் இப்படிப் போடித் தெருக்களில் நடந்து முடித்தேன்.

கோயில் என்றால் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்ற நினைப்பில், பன்னிரண்டிலிருந்து நான்கு வரை திட்டத்தில் ஓய்வு என்று போட்டேன். வழிகாட்டி நூலில் பாராமல் நம் ஊர் வழக்கத்தை வைத்துப் போட்டது அது. அங்கேயும் மத்தியானம் சாத்தத்தான் செய்தார்களாம். என் திட்டத்தில் முழுக்கச் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

ஏழு பக்கத்தையும் முதலாளி மூன்று முறை கேட்டார். "நேர்ல போய்ட்டு வந்தவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்" என்றார். அவர் வாயில் பாராட்டு வருவது அபூர்வம். அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வாரம், பயணப் பெட்டிகளுக்குக் கித்தான் உறை தைக்க வேண்டுமென்று சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் போனேன். அங்கே சாக்கு தைப்பவர்களுக்கு மேஸ்திரி வேலாயுதன். குமுளி அடிவாரத்துக் கூடலூர்க்காரர், தாய்வழி மலையாளம். இளமையில் கப்பலில் பாய் தைக்கும் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி எங்கள் மண்டியில் ஏலக்காய் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். பி.ஏ. படித்தவன் சாக்கு தைப்பவரிடம் அன்று அப்படித்தான் பேசினான்.

எந்த ஊருக்கு என்று கேட்டார். சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தார். அவர் வேலை பார்த்த கப்பல் பழுதாகி அந்த ஊர்த் துறையில் இரண்டரை மாதம் கிடந்ததாம். தினமும் சாயங்காலம் ஊருக்குள் நடப்பாராம்.

"அம்மாவுமா போறாக? முழங்கால வச்சுக்கிட்டு எப்படி ரைட்டரய்யா? பாலத்துக்குப் பாலம் படியாச்சே அங்கன."

"பாலத்துக்கு எதுக்குய்யா படி? படி வச்சா வண்டி எப்படிப் போகும்?"

"வண்டியே இல்லாத ஊருக்கு வண்டிப் பாலம் எதுக்கு? அடியில படகு போகணும்ல. நடுவுல உசத்திக் கட்டியிருப்பாக. ஏற இருவது, எறங்க இருவது. நூறு அடிக்கு ஒரு பாலம்."

இன்று படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் நான் அதுவரை பார்த்த பாலமெல்லாம் முல்லையாற்றின் மேல் கட்டியவை. உத்தமபாளையத்திலும் வீரபாண்டியிலும் நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி நிற்காமல் போகும் பாலங்கள். மேடு பள்ளம் இல்லாமல் செய்வதற்குத்தான் பாலம். வரைபடத்தில் பாலம் என்று போட்ட இடத்திலெல்லாம் அம்மாவுக்கு இங்கே சிரமம் இல்லை என்று நினைத்துக்கொண்டு தையல் நூலைப் போட்டிருந்தேன். அப்படி நாற்பத்து மூன்று பாலங்கள்.

வேலாயுதன் அதோடு விடவில்லை. படகு நேரே வாசலில் வந்து நிற்கும் விடுதிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பிடியுங்கள். பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் படகிலேயே போய்ப் பார்க்கலாம். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

"நீ பாத்தது துறைமுகப் பக்கம்" என்றேன். "கோயில் பக்கமெல்லாம் வேற மாதிரி இருக்கும். நூல்லயே இருக்கு."

நூலில் அப்படி இல்லை. அன்று சாயங்காலமே அறைக்குப் போய் முதல் பக்கத்திலிருந்து தேடினேன். முன்னுரையில், சாமான் தூக்குபவர்களைப் பற்றிய பத்தியில், பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி: பாலங்கள் பெரும்பாலும் படிகள் உள்ளவை. நூலை மூடி வைத்தேன். புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருந்தது. விடுதியை மாற்ற ஒரு தந்தி போதும். ஆனால் முதலாளியிடம் போய், ஏழு பக்கமும் தவறு, சாக்கு தைப்பவர் சொல்லித்தான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவு கஷ்டமாக இருக்காது, கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்தது பிழை என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். பிழை வரைபடத்தோடு முடிந்துவிட்டது. அந்த வரியைப் படித்த பிறகு செய்தது துரோகம்.

அவர்கள் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பினார்கள். மறுநாள் முதலாளி என்னை அழைத்தார். மேஜை மேல் என் ஏழு பக்கம், மடிப்பில் கிழிந்து இருந்தது.

நடந்தது இது. படகுத் துறையிலிருந்து விடுதிக்கு இரண்டு பாலம். அம்மா ஏறி இறங்கிவிட்டார். விடுதி வாசலில் கால் மடிந்து விழுந்தார். அன்று சாயங்காலம் முழங்கால் பலாப்பிஞ்சு அளவுக்கு வீங்கியது. வைத்தியர் வந்து காலைக் கட்டிவிட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார். நான்கு நாளும் அறையிலேயே. ஐந்தாம் நாள் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கிக் கப்பலுக்குக் கொண்டு போனார்கள். முதலாளி ஒருநாள் மட்டும் என் திட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதல் கோயிலின் வாசல் வரை போனவர் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டார்.

இதையெல்லாம் சத்தம் போடாமல் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நூல்ல இதப் பத்தி ஒண்ணுமே இல்லையா தம்பி?"

"இல்ல முதலாளி."

"நம்ம வேலாயுதன் கப்பல்ல போனவந்தானே. அவன ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அது பாதிப் பொய்யோடு போயிருக்கும். நான் சொன்னது: "கேட்டேன் முதலாளி. எல்லாம் மட்டமான ஊருன்னுதான் சொன்னான்."

வேலாயுதனைக் கூப்பிட்டார்கள். படி இருக்கிறது என்றுதான் சொன்னேன் என்றார், ஒரே தடவை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பி.ஏ. படித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று நாலாம் வகுப்புப் படித்தவர் நம்பினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வேலாயுதன் கிட்டங்கிக்குப் போய்த் தன் கோணி ஊசியையும், ஊசி குத்தாமல் கையில் மாட்டும் உள்ளங்கைத் தோலையும் எடுத்துக்கொண்டு நடந்தார். என் மேஜையைக் கடந்துதான் போக வேண்டும். நிற்கவில்லை.

எட்டு மாதம் போயிற்று. நான் சாப்பிட்டேன், தூங்கினேன், கடிதம் எழுதினேன். மனசாட்சி வாட்டியது என்று எழுதினால் அதுவும் பொய். கிட்டங்கிப் பக்கம் போவதை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

பிறகு குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு தோட்டத்து மேனேஜர் எழுதினார். வேலாயுதன் என்பவர் ஸ்டோர் மேஸ்திரி வேலைக்கு வந்திருக்கிறார், உங்களிடம் பதினோரு வருடம் இருந்ததாகச் சொல்கிறார், ஆள் எப்படி? முதலாளி பதில் சொல்லச் சொல்ல எழுதினேன். வேலையில் குறை இல்லை, வார்த்தையை நம்ப முடியாதவர். அவருடைய அந்த வேலை என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு துரை இப்படி ஒரு வரியைப் படித்தால் மலையில் வேறு எந்தத் தோட்டத்திலும் அந்த ஆள் காலெடுத்து வைக்க முடியாது.

முதல் முறை வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்தேன்.

"அந்தப் பக்கம் போங்க தம்பி."

நிலைக்கு வெளியே போய் நின்றேன். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இருமல் என்று சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகக் கடிதத்தோடு வந்துவிட்டேன். முதலாளியிடம் சொல்லத் தைரியம் இல்லை. மண்டிக்குப் பின்னால்தான் வீடு. நேரே அம்மாவிடம் போனேன்.

அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன்: வேலாயுதன் சொன்னதை, பொடி எழுத்து வரியை, நான் சொன்ன பொய்யை. அம்மா கீரையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க கேக்கலன்னதும் அவன் எங்கிட்டயே வந்து சொல்லிட்டான். புறப்பட ஒரு மாசம் இருக்கும்போதே. பாலத்துக்கு இருவது படின்னு கையால காட்டுனான். நாந்தான் வெளிய சொல்லாதன்னு சொன்னேன்."

"ஏம்மா?"

"படின்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா அவுக என்னய இங்கனயே விட்டுட்டுப் போயிருவாகல்ல." கீரையைத் தள்ளி வைத்தார். "அவனப் போகச் சொன்னாகன்னு தெரிஞ்சப்பவாவது நான் வாயத் திறந்திருக்கணும். நான் தெரிஞ்சே ஏமாத்திட்டேன்னு அவுக நெனச்சுருவாகளேன்னு பேசாம இருந்துட்டேன். நீங்க ஒரு தடவ பொய் சொன்னீக. நான் எட்டு மாசமா தெனமும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

வேலாயுதன் அன்று அறையில் நின்றபோது, அம்மாவிடமும் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகச் சொல்லவில்லை. வார்த்தையை நம்ப முடியாதவர் என்று நான் தட்டச்சு செய்த கடிதம் என் கையில் இருந்தது.

அம்மா சுவரைப் பிடித்து எழுந்தார். இருவரும் மண்டிக்குப் போனோம். அவர் வேலை நேரத்தில் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். நான் என்னுடையதைச் சொன்னேன். அம்மா அவருடையதைச் சொன்னார்.

"தெரிஞ்சுமா வந்த?" என்றார் முதலாளி.

"சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீகளா?"

முதலாளி கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நான்காகக் கிழித்தார். என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நின்றேன்.

"உங்கள அனுப்பிட்டா இத வேலாயுதங்கிட்ட யாரு போய்ச் சொல்றது? காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

கூடலூரில் கடைத்தெரு ஓரம் வேலாயுதன் லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க ரைட்டரய்யா. பஸ்ஸுல வந்தீகளா? பஸ்ஸுக்குப் படி இருந்துச்சா?"

பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் தைப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், "சாரமில்ல" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலையாளம். பரவாயில்லை என்று முகத்தில் இல்லை.

"முதலாளி உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாக" என்றேன்.

"வர்றேன். எங்கிட்ட சொன்னத அந்தக் கிட்டங்கியில நின்னு சொல்லணும். அங்கனதான் நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு எறங்கிப் போனேன்."

மறுநாள் சொன்னேன். சாக்கு தைப்பவர்கள் ஆறு பேர், ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் முப்பது பேர். வேலாயுதன் உண்மையைச் சொன்னார், பொய் சொன்னது நான் என்று இரண்டே வாக்கியம். பி.ஏ. படித்த பிறகு இவ்வளவு சுருக்கமாக நான் பேசியதில்லை. ஒரு பெண் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இதச் சொல்லவா எட்டு மாசம்?" என்றாள். மற்றவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த மண்டியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். வியாபாரிகள், தோட்டக்காரர்கள், படிக்கப் போகிறவர்கள் என்று பலருக்கும் பயண வேலை செய்தேன். யார் வந்தாலும் ஊர் பெயரைக் கேட்கும் முன் கால் எப்படி, கண் எப்படி, வயிறு எப்படி என்று கேட்பேன். அந்த ஊரில் நடந்தவர் ஒருவரையாவது தேடிப் பிடிப்பேன். சமையற்காரர், கப்பல்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர், யாராக இருந்தாலும். அந்தப் பயணங்களில் குறை சொல்லித் திரும்பியவர் குறைவு. அந்த அளவுக்கு நல்ல வாழ்க்கைதான். ஆனால் இதையெல்லாம் கற்க ஒருவருடைய எட்டு மாதமும், இன்னொருவருடைய நான்கு நாளும் செலவாயின. அந்த நான்கு நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கொடுக்கப் பார்த்தோம். வேலாயுதன் திரும்பிய அடுத்த வருடம் முதலாளி மறுபடி ஒரு பயணம் நினைத்தார். இந்த முறை வேலாயுதனும் கூடப் போவதாக இருந்தது. கடிதங்கள் எழுதி, வாசலில் படகு நிற்கும் விடுதியில் கீழ்த்தளத்து அறைக்கு ஒப்புதலும் வாங்கிவிட்டேன். அப்புறம் யுத்தம் வந்தது. கப்பல்கள் நின்றன. யுத்தம் முடிந்தபோது அம்மாவின் இரண்டு காலும் நின்றுவிட்டன. சில வருடத்தில் அவரும் போய்விட்டார். அதற்கு முன் நான் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டபோது, ஜன்னலில் பார்த்ததே போதும் தம்பி என்றார். அந்த வெனிஸ் விடுதியில் தினமும் காலையில், கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே காய்கறிப் படகு வருமாம். எதிர்வீட்டுக்காரி கயிற்றில் கூடையை இறக்குவதைப் பார்த்து இவரும் இறக்கி, விரலைக் காட்டி விலை பேசிக் கத்தரிக்காய் வாங்கினாராம். சமைக்க அடுப்பு இல்லை. இருந்தும் மூன்று நாளும் வாங்கினாராம். அதைச் சொல்லும்போது அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

அந்த இரண்டாவது திட்டத்தை நாங்கள் என் மேஜையில் போடவில்லை. கிட்டங்கியில் போட்டோம். மூட்டைகள் ரயிலேறிய பின் தரை காலியாக இருக்கும் மத்தியானங்களில், வேலாயுதன் சுண்ணாம்புக் கட்டியால் சிமெண்டுத் தரையில் அந்த ஊரை வரைவார். நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு அளவு சொல்வேன். அவர் பாதி நேரம் என் அளவை ஒத்துக்கொள்ள மாட்டார். சந்துகளுக்கு ஒரு கோடு, வாய்க்காலுக்கு இரட்டைக் கோடு. தவிர்க்க முடியாத பாலம் வரும் இடத்தில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து குறுக்கே போடுவார். அம்மா கைத்தடியோடு அந்தக் கோடுகளின் மேல் நடந்து பார்ப்பார். மூட்டை வந்தால், "இங்கன நான் உக்காந்துக்கிடறேன், நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். வேலாயுதன் கோட்டை அழித்து வேறு வழி போடுவார். இப்படி அழித்து அழித்து, கடைசியில் நான்கு நாளுக்கு மூன்றே மூட்டை என்று கொண்டுவந்தோம்.

இடையில் ஒருநாள் பாதி ஊர் வரைந்து முடித்திருந்தோம். முதலாளி எதற்கோ என்னைத் தேடிக்கொண்டு கிட்டங்கிக்குள் வந்தார். தரையெல்லாம் கோடாக இருப்பதையும், அம்மா நடுவில் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து அப்படியே நின்றார். அம்மா தடியை நீட்டி அவர் காலடியைக் காட்டினார்.

"தண்ணிக்குள்ள நிக்கிறீக."

முதலாளி கீழே பார்த்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரட்டைக் கோட்டைத் தாண்டி அம்மா இருந்த கரைக்கு வந்தார்.